அருவியில் இறங்கப் பழகுபவரின் முதல் டிசெண்டர்: பெட்ஸல் பிரானா மதிப்பீடு

கயிற்றில் இறங்கும் சாதனமான டிசெண்டர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "இது என்னைப் பிடித்து நிறுத்துமா?" என்றுதான். காய்ந்த பாறையில் அந்த ஒரு கேள்வி போதும். அருவியில் இன்னொன்றும் கேட்க வேண்டும்: "வேண்டிய நேரத்தில் இது என்னை விட்டுவிடுமா?" நீர்த்தாரைக்குள் கயிற்றோடு மாட்டிக்கொண்டவர் கீழே விழப் போவதில்லை, ஆனால் தலைமேல் கொட்டும் தண்ணீரில் அவரால் மூச்சு விட முடியாது. வினாடிக்கு 50 லிட்டர் ஓடுகிற ஓடையைப் பார்க்கிறவர்கள் "கொஞ்சம்தானே தண்ணீர்" என்பார்கள். அந்த 50 லிட்டர் என்பது ஒவ்வொரு வினாடியும் தோளில் வந்து இறங்கும் 50 கிலோ. அதன் அடியில் ஐந்து நிமிடம் சிக்கி நிற்பது, பத்து மீட்டர் உயரத்தில் வெறும் பாறையில் தொங்குவதைவிடப் பல மடங்கு ஆபத்து.

பெட்ஸல் நிறுவனத்தின் பிரானாவை இந்தக் கேள்வியை வைத்தே எடைபோட வேண்டும். இது கேன்யனிங்குக்கென்றே, அதாவது அருவிகளும் மடுக்களுமாகப் போகும் பாறைப் பள்ளத்தாக்குகளில் கயிறு போட்டு இறங்குவதற்கென்றே, வடிவமைக்கப்பட்ட டிசெண்டர். அலுமினியத்தில் செய்தது. எடை சுமார் 90 கிராம். பார்த்தால் சாதாரண ஃபிகர் எய்ட்டை, அதாவது 8 வடிவ டிசெண்டரை, தட்டி நெளித்ததுபோல் இருக்கும்: கயிறு போக ஒரு பெரிய துளை, கராபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) போக ஒரு சிறிய துளை, கயிற்றைச் சுற்றி மாட்ட இரண்டு கொம்புகள், சிறிய துளையில் கராபினரை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு. நகரும் பாகம் ஏதும் கிடையாது. நெம்புகோல், ஸ்பிரிங், கேம் (கயிற்றைக் கவ்வும் சுழல்துண்டு) எதுவும் இல்லாததால் மணல் புகுந்து நின்றுபோகவும் எதுவும் இல்லை.

பழக ஆரம்பிப்பவருக்கு இதை வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் கூடவே சரியான கராபினர் வேண்டும், சரியான தடிமனில் கயிறு வேண்டும், மேலே அவிழ்க்கக்கூடிய முறையில் கயிறு கட்டியிருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் பிரானாவுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்.

கயிறு மாட்டும் முறை

பிரானாவின் முதல் நன்மை, கயிறு மாட்டவும் எடுக்கவும் அதை ஹார்னஸிலிருந்து (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டையிலிருந்து) கழற்ற வேண்டியதில்லை என்பது. சாதாரண ஃபிகர் எய்ட்டில் கயிற்றைப் பெரிய வளையத்துக்குள் விட்டு, சிறிய வளையத்தின் கழுத்தைச் சுற்றிப் போட வேண்டும். அதற்குச் சாதனத்தைக் கராபினரிலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும். குளிரில் விறைத்த விரல்கள், ஈரக் கையுறை, கீழே பொங்குகிற மடு: ஃபிகர் எய்ட் தண்ணீருக்குள் போவது பெரும்பாலும் இந்தக் கணத்தில்தான். பழகியவர்கள் முதலில் பெரிய வளையத்தைக் கராபினரில் மாட்டி வைத்துக்கொண்டு, கயிற்றைக் கழுத்தில் போட்டபின் சிறிய வளையத்துக்கு மாற்றிக்கொள்வார்கள். பழகாதவருக்கு அது வராது.

பிரானாவில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் சாதனம் ஹார்னஸின் முன்வளையத்தில் கராபினரோடு தொங்கிக்கொண்டிருக்கட்டும். பாதுகாப்புக் கயிறு, அதாவது இடுப்பிலிருந்து வரும் குட்டைக் கயிறு, ஆங்கரில், அதாவது மேலே கயிறு கட்டும் பிடிமானத்தில், மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும் கயிற்றை ஒரு சாண் அளவுக்கு மடித்து, அந்த மடிப்பைப் பெரிய துளைக்குள் நுழைத்து, சாதனம் தொங்குகிற அதே கராபினரில் மாட்டி, பூட்டைத் திருகி மூடுங்கள். ஆங்கர் பக்கக் கயிறு மேலே போக வேண்டும். பிரேக் பக்கக் கயிறு, அதாவது நீங்கள் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் பக்கம், பழகிய கையின் பக்கமாகக் கீழே வர வேண்டும். பிறகு பாதுகாப்புக் கயிறு இன்னும் மாட்டியிருக்கும்போதே பின்னால் சாய்ந்து முழு எடையையும் டிசெண்டரில் இறக்கிப் பாருங்கள். பிடிக்கிறது என்று உறுதியான பிறகே பாதுகாப்புக் கயிற்றைக் கழற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றுவதுதான் ஆரம்பக்காரர்களின் மிகப் பெரிய தவறு. அதில் டிசெண்டரின் பங்கு ஒன்றுமில்லை.

மடிப்பை மாட்டும்போது கராபினரின் கேட் திறந்திருக்கும் அல்லவா? அந்த இரண்டு வினாடி சாதனத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தச் சிறு பிளாஸ்டிக் துண்டுதான். கடையில் பார்க்கும்போது அலங்காரம்போலத் தெரியும் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. கராபினர் சுழன்று குறுக்காகத் திரும்பிவிடாமல் அது தடுக்கிறது. குறுக்காகத் திரும்பிய கராபினரின் வலிமை, நீளவாக்கில் இருப்பதன் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நீளவாக்கில் 20 கிலோ நியூட்டனுக்கு (விசையின் அலகு) மேல் தாங்கும் கராபினரின் முதுகில், குறுக்குவாக்கில் 7 அல்லது 8 என்றுதான் பொறித்திருக்கும்; வாங்கும்போது படித்துப் பாருங்கள்.

கயிறு கழுத்தைச் சுற்றாததால் இன்னொரு தொல்லையும் ஒழிகிறது. சாதாரண ஃபிகர் எய்ட்டில் பாறை விளிம்பைத் தாண்டும்போது கழுத்திலிருக்கும் கயிறு விளிம்பில் உரசி மேலே தள்ளப்படும். அப்படியே பெரிய வளையத்தின் தலைக்கு ஏறி இறுகினால் சுருக்கு விழுந்துவிடும். உடல் எடை முழுதும் அதில் தொங்குவதால் கையால் பிரிக்க முடியாது. காய்ந்த பாறையில் இது எரிச்சல். விளிம்புக்குக் கீழே தாரை கொட்டினால் இது உயிர்ப் பிரச்சினை. கோண வடிவ ஃபிகர் எய்ட்டுகளும் இதைக் குறைக்கும். வட்ட வளையம் உள்ளதை அருவிக்கு வாங்காமல் இருப்பது நல்லது.

கொம்புகள் எதற்கு

இறங்க ஆரம்பித்த பிறகு பிடிப்பைக் கூட்டவோ குறைக்கவோ முடிவதுதான் பிரானாவின் இரண்டாவது பலம். வேகம் அதிகமாகத் தோன்றினால் பிரேக் கயிற்றை மேலே தூக்கி ஒரு கொம்பின்மேல் போட்டு, மறுபடி இடுப்பருகே கொண்டுவந்தால் போதும். உராய்வு கூடும். எடுத்துவிட்டால் குறையும். கை கயிற்றை விட்டுப் பிரியாமலே இதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

இது எவ்வளவு தேவைப்படும் என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: உங்கள் எடை, கயிற்றின் தடிமன், கயிறு ஒற்றையா இரட்டையா. 50 கிலோ எடையுள்ளவர் 10 மில்லிமீட்டர் முரட்டுக் கயிற்றை இரட்டையாகப் போட்டு, கொம்பையும் சுற்றினால் நகரவே மாட்டார்; கயிற்றைக் கையால் ஊட்டி ஊட்டித்தான் இறங்க வேண்டும். அதே அமைப்பில் கொம்பை விட்டால் சுமுகமாகப் போவார். 90 கிலோ எடையுள்ளவர் 9 மில்லிமீட்டர் புதுக் கயிற்றில் ஒற்றையாக இறங்கினால் கொம்பு இல்லாமல் கிளம்பவே கூடாது. எடை குறைந்தவர்களுக்கு "எதற்கும் இருக்கட்டும்" என்று அதிக உராய்வு வைத்து அனுப்பும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தண்ணீர் இல்லாத இடத்தில் அதில் கெடுதல் இல்லை. தாரைக்குள் அவரை நகரவிடாமல் நிறுத்திவைப்பதும் அதுதான்.

ஒரே இறக்கத்தில்கூடப் பிடிப்பு ஒரே மாதிரி இருக்காது. மேலே நிற்கும்போது கீழே தொங்கும் கயிற்றின் எடையே ஒரு பிரேக்காக வேலை செய்கிறது. 9 முதல் 10 மில்லிமீட்டர் கயிறு மீட்டருக்குச் சுமார் 60 கிராம் இருக்கும். 40 மீட்டருக்கு இரண்டரைக் கிலோ வரும், நனைந்தால் இன்னும் கூடும். தாரை கயிற்றைக் கீழே இழுத்தால் அந்த இழுப்பும் சேரும். இறங்க இறங்க அந்த எடை குறைந்துகொண்டே போவதால், கடைசி பத்து மீட்டரில் சாதனம் வழுக்குவதுபோல் தோன்றும். மேலே சரியாக இருந்த பிடிப்பு கீழே போதாது. கொம்பின் உண்மையான பயன் இங்கேதான் தெரியும். கொம்பில்லாத சாதனத்தில் இதற்கு ஒரே வழி, பிரேக் கயிற்றைத் தொடை வளையத்தில் மாட்டிய இன்னொரு கராபினர் வழியே திருப்பி எடுப்பது. அதையும் கிளம்பும் முன்பே மாட்டியிருக்க வேண்டும்.

தாரைக்கு வெளியே ஒரு மேடையில் நின்று கைகளை விடுவிக்க வேண்டுமென்றால் கொம்பில் கயிற்றைச் சுற்றி, மேலே ஒரு முடிச்சும் போட்டுப் பூட்டிக்கொள்ளலாம். வெறும் சுற்று மட்டும் போதாது, தளர்ந்துவிடும். தாரைக்குள் இதைச் செய்யவே கூடாது.

மற்றவை ஏன் இல்லை

டியூப் வகை சாதனங்கள், அதாவது பாறை ஏறுபவர்கள் பயன்படுத்தும் இரட்டைத் துளை வாளி வடிவங்கள், பலரிடம் ஏற்கெனவே இருக்கும். "இதுவே போதாதா?" என்று கேட்பார்கள். காய்ந்த பாறையில் பழகுவதற்குப் போதும். அருவியில் மூன்று குறைகள். கயிறு மாட்டும் ஒவ்வொரு முறையும் கராபினரிலிருந்து கழற்றி மாட்ட வேண்டும். மெல்லிய ஒற்றைக் கயிற்றில் பிடிப்பு குறைவு. நடுவழியில் பிடிப்பைக் கூட்ட எளிய வழி கிடையாது.

தானே நிறுத்தும் வகைகளைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆரம்பக்காரரின் குடும்பத்தார் வாங்கித் தர விரும்புவது இவற்றைத்தான். கிரிகிரி, ஸ்டாப் போன்றவற்றில் கைப்பிடியை விட்டால் சாதனம் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். கட்டடத்திலும் குகையிலும் பாறையிலும் அருமையான ஏற்பாடு. அருவியில் பயந்துபோன ஒருவர் முதலில் செய்வது என்ன? கையை விடுவார், அல்லது கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார். இரண்டிலும் சிக்கல். விட்டால் தாரைக்குள் நின்றுவிடுவார். முகத்தில் தண்ணீர் அடிக்க, மறுபடி கைப்பிடியைத் தேடிப் பிடித்து இயக்க வேண்டும். இறுக்கினால் கட்டுப்பாடில்லாமல் இறங்குவார். உள்ளே மணல் சேர்ந்தால் கேம் சரியாக இயங்காது என்பது தனிக் கதை.

ப்ரூசிக் முடிச்சுக்கும், அதாவது இறங்கும் கயிற்றைச் சுற்றி மெல்லிய கயிற்றால் போடும் பிடிமுடிச்சுக்கும், இதே கதிதான். காய்ந்த பாறையில் டிசெண்டருக்குக் கீழே ஒரு ப்ரூசிக் கட்டிக்கொண்டு இறங்குவது நல்ல பயிற்றுநர் எல்லோரும் சொல்லித்தரும் பழக்கம். கை விட்டுப்போனால் அது பிடித்துக்கொள்ளும். ஓடும் நீரில் அது பிடித்துக்கொள்வதே ஆபத்து. நனைந்து இறுகிய முடிச்சை எடை தொங்கும்போது தளர்த்த முடியாது. எனவே அருவியில் பின்காப்பு வேறு இரண்டு இடங்களிலிருந்து வர வேண்டும்: கீழே ஒருவர் கயிற்றின் முனையைப் பிடித்திருந்து, தேவைப்பட்டால் இழுத்து நிறுத்துவது, மேலே ஒருவர் ஆங்கரிலிருந்து கயிற்றை அவிழ்த்து இறக்கக்கூடிய நிலையில் இருப்பது. முதல் ஆளாக இறங்குபவருக்குக் கீழே யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் ஆரம்பக்காரர் முதல் ஆளாகப் போகக் கூடாது.

ராக் எக்ஸாட்டிகா டோட்டம், ஸ்டெர்லிங் ஏடிஎஸ் போன்ற பலதுளைச் சாதனங்களும் கேன்யனிங் வட்டாரத்தில் பெயர் பெற்றவை. ஆங்கர் அமைப்பது, பிடிப்பை நுணுக்கமாக மாற்றுவது என்று அவற்றால் செய்ய முடிகிறவை அதிகம். துளைகள் அதிகம் என்றால் தவறாக மாட்டும் வழிகளும் அதிகம். இரண்டாவது சாதனமாக வாங்கலாம். சாதாரண ஃபிகர் எய்ட்டையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்: ஆங்கரில் அவிழ்க்கக்கூடிய கட்டு அமைக்க அது பிரானாவைவிட நன்றாக உதவும். பயிற்றுநர்களின் பையில் ஒன்று எப்போதும் கிடப்பது அதற்காகத்தான்.

எந்தக் கயிறு

பிரானாவோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது அரைநிலைக் கயிறு, அதாவது அதிகம் இழுபடாத கயிறு. பாறை ஏறுபவர்களின் இழுபடும் கயிற்றில் இறங்கினால் ரப்பரில் தொங்குவதுபோல் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தில் கயிறு விளிம்பில் அறுபடும். ஐரோப்பியத் தரம் EN 1891 இரண்டு வகையைச் சொல்கிறது: ஏ வகை குறைந்தது 22 கிலோ நியூட்டன், பி வகை குறைந்தது 18 தாங்க வேண்டும். மெல்லிய கேன்யனிங் கயிறுகள் பல பி வகை. அதில் தவறில்லை, பார்த்துப் பழக வேண்டும் என்பதுதான் பொருள். ஆரம்பக்காரர் 9.5 மில்லிமீட்டருக்கும் 10 மில்லிமீட்டருக்கும் இடையில் எடுப்பதே நல்லது. 9-க்குக் கீழே போனால் கையில் பிடிப்பு போதாது, கொம்பு சுற்றியும் வேகம் அடங்காது.

உறை பாலியெஸ்டராக இருந்தால் நல்லது. நைலான் தண்ணீரைக் குடிக்கும், கனக்கும், நனையும்போது வலிமையும் கொஞ்சம் குறையும். புதுக் கயிற்றை வாங்கியவுடன் ஒரு நாள் ஊறவைத்து நிழலில் உலர்த்திவிட்டுத்தான் அளந்து குறியிட வேண்டும். முதல் நனைவில் சுருங்கும். ஊறவைக்காமல் 20 மீட்டரில் போட்ட குறி பிறகு 20 மீட்டராக இருக்காது.

அந்தக் குறி ஏன் முக்கியம்? காய்ந்த பாறையில் கயிற்று முனையில் முடிச்சுப் போடு என்பார்கள், தவறிப்போய் முனையைத் தாண்டிவிடக் கூடாதே என்று. கீழே ஆழமான மடு இருக்கும் அருவியில் முனையில் முடிச்சு கூடாது. கயிறு நீர்மட்டத்தைத் தொடும் அளவுக்கு மட்டும் விட வேண்டும். இறங்குபவர் மடுவைத் தொட்டதும் முனை சாதனத்தின் வழியே உருவிக்கொண்டு வெளியே போய்விடும், அவர் நீந்தி விலகுவார். இதற்குக் கராபினரைத் திறக்க வேண்டியதில்லை, தண்ணீருக்குள் தடவித் தேட வேண்டியதும் இல்லை. அதிகமாக விட்ட கயிறு பொங்கும் நீரில் சுழன்று காலைச் சுற்றும். நீரோட்டம் கயிற்றை இழுத்துப் பிடித்திருக்கும்போது கராபினரிலிருந்து மடிப்பை எடுக்க எந்த டிசெண்டரிலும் முடியாது, பிரானாவிலும் முடியாது. குறைவாக விட்டாலோ மடுவுக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும்போதே கயிறு தீர்ந்துவிடும். எனவே நீளத்தை அளந்து விடுவது மேலே இருப்பவரின் முதல் வேலை. கீழே தெரியாவிட்டால் முதல் ஆள் இறங்கும்போதே விசிலுக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் விடுவார். கீழே மடு இல்லை, பாறைதான் என்றால் இதெல்லாம் பொருந்தாது. அங்கே முனை தரையில் கிடக்க வேண்டும்.

விசில் சொன்னதால் ஒரு வார்த்தை: ஒருமுறை ஊதினால் "நில்" என்பது பெரும்பாலும் பொது. மற்றவை குழுவுக்குக் குழு மாறும். கிளம்பும் முன் எல்லோரும் சேர்ந்து ஒருமுறை ஊதிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அருவிச் சத்தத்தில் கத்தினால் காதில் விழாது.

மேலே இருக்கும் கட்டு

பயிற்சி தரும் நிறுவனம் எந்த டிசெண்டர் தருகிறது என்பதைவிட, ஆங்கரில் கயிற்றை எப்படிக் கட்டுகிறது என்பதை முதலில் கேளுங்கள். ஒற்றைக் கயிற்றில் இறங்க, கயிற்றை வளையத்துக்குள் விட்டு மறுபக்கம் ஒரு கராபினரை முட்டுக்கட்டையாகக் கட்டுவது எளிது, வேகமானது. ஆனால் எடை ஏறிய பிறகு அதை அவிழ்க்க முடியாது. ஃபிகர் எய்ட் வைத்தோ, முண்டர் முடிச்சை (கராபினரில் போடும், கயிற்றை மெல்ல ஓடவிடக்கூடிய முடிச்சை) பூட்டியோ கட்டினால் எடை தொங்கும்போதே அவிழ்த்து ஆளைக் கீழே இறக்கிவிடலாம். முடி டிசெண்டரில் சிக்கினாலும், கால் பாறை இடுக்கில் மாட்டினாலும், பயத்தில் உறைந்துபோனாலும் அரை நிமிடத்தில் ஆள் தாரையைத் தாண்டிவிடுவார். "யாராவது நடுவில் சிக்கினால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "கயிற்றில் இறங்கிப் போய் எடுத்துவிடுவோம்" என்ற பதிலோடு நிறுத்துகிற இடத்தில் பணம் கட்ட வேண்டாம். "மேலிருந்து இறக்கிவிடுவோம்" என்று சொல்லி, அந்தக் கட்டைக் காட்டி, உங்களை வைத்தே காய்ந்த இடத்தில் ஒருமுறை இறக்கியும் காட்டுகிறவரிடம் சேருங்கள். மேலே மீதி இருக்கும் கயிறு இறக்கத்தின் நீளத்துக்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவிழ்த்தும் பயனில்லை.

பழகும் வரிசை

தரையில் ஆரம்பிக்க வேண்டும். மரத்திலோ தூணிலோ கயிற்றைக் கட்டி, ஈரக் கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு பிரானாவில் கயிறு மாட்டி எடுக்கப் பழகுங்கள். கண்ணை மூடி என்பது விளையாட்டுக்குச் சொன்னதில்லை. தாரையில் கண் தெரியாது. அடுத்து தரையிலிருந்து அரை மீட்டர் மேலே தொங்கியபடி கொம்பில் கயிற்றைப் போடுவது, எடுப்பது. பிறகு ஐந்தாறு மீட்டர் காய்ந்த சரிவு. அதன்பின் இடுப்பளவு நீரில் நின்று, கயிற்று முனையைச் சாதனத்திலிருந்து உருவி விடுவது. இவை நான்கும் தடுமாறாமல் வந்த பிறகுதான் தண்ணீர் கொட்டும் இடம். பிரெஞ்சு முறைத் தரவரிசையில் செங்குத்து இறக்கத்தின் கடினத்தை ‘வி’ என்று குறிப்பார்கள்; வி2 அல்லது வி3 என்ற அளவோடு நின்றுகொள்ளலாம். வி3 என்றாலே 30 மீட்டர் வரை வரும். எண்ணைவிட அன்றைய நீரளவு முக்கியம். நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வர ஆரம்பித்தாலோ மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது. அன்று இறங்க வேண்டாம்.

கயிற்றில் நிற்கும் விதமும் சாதனத்தின் வேலையைப் பாதிக்கும். கால்கள் தோளகலம் விரிந்திருக்க வேண்டும், பாதம் முழுதும் பாறையில் பட வேண்டும், உடல் நன்றாகப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். பயத்தில் பாறையோடு ஒட்டிக்கொள்கிறவரின் கால்தான் பாசியில் வழுக்கும். முழங்காலும் டிசெண்டரும் சேர்ந்து பாறையில் இடிக்கும். பார்வை காலடியில். பிரேக் கை இடுப்புக்குக் கீழே. தாரையைத் தவிர்க்க முடிந்தவரை பக்கவாட்டில் இறங்கலாம், ஆனால் ஆங்கருக்கு நேர்கீழிலிருந்து ரொம்பத் தள்ளிப் போனால் ஒரு வழுக்கலில் ஊஞ்சல்போல் ஆடித் தாரையின் நடுவில் போய் நிற்பீர்கள். உள்ளே நுழைந்தே ஆக வேண்டும் என்றால் தாடையை மார்போடு ஒட்டி முகத்தைக் கவிழ்த்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் விளிம்புக்குக் கீழே மூச்சுக்குக் கொஞ்சம் காற்று கிடைக்கும். நிமிர்ந்து பார்த்தால் அதுவும் போய்விடும். நிற்காமல், குதிக்காமல், ஒரே சீராக இறங்கி வெளியே வர வேண்டும். நீண்ட முடி, ஹெல்மெட் வார், சட்டை நுனி எல்லாவற்றையும் உள்ளே செருகிக்கொள்ள வேண்டும். டிசெண்டர் கயிற்றோடு எதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

ஹார்னஸ், ஹெல்மெட், காலணி பற்றிச் சுருக்கமாக: பின்பக்கம் தடித்த பாதுகாப்புத் துணி உள்ள கேன்யனிங் ஹார்னஸ், நீர் வடியும் ஹெல்மெட், ஈரப் பாறையில் பிடிக்கும் ரப்பர் அடியும் நீர் வெளியேறத் துளையும் உள்ள காலணி. குளிர்ந்த நீர் என்றால் 5 மில்லிமீட்டர் வெட்சூட் (உடல் வெப்பத்தைக் காக்கும் ரப்பர் உடை) கட்டாயம். காற்றைவிடத் தண்ணீர் உடல் வெப்பத்தைச் சுமார் 25 மடங்கு வேகமாக எடுத்துக்கொள்ளும், அதில் முதலில் செயலிழப்பது கயிற்றைப் பிடித்திருக்கும் விரல்கள்.

குறைகள்

பிரானா கயிற்றை முறுக்கும். சாதாரண ஃபிகர் எய்ட்டைவிடக் குறைவுதான். அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒற்றைக் கயிற்றில் முறுக்கு முனை வழியே வெளியேறிவிடும். இரட்டைக் கயிற்றில் இரண்டும் பின்னிக்கொண்டு, எல்லோரும் இறங்கிய பிறகு இழுத்தால் வராமல் மேலேயே சிக்கும். கடைசி ஆள் இறங்கும்போது இரண்டு கயிறுகளுக்கும் நடுவே ஒரு விரலை வைத்துப் பிரித்துக்கொண்டே வர வேண்டும்.

தவறான பக்கத்தில் மாட்டினால் கராபினர் பூட்டு திருகித் திறந்துகொள்ளும் வாய்ப்பு உண்டு. ஓடும் பிரேக் கயிறு பூட்டின்மேல் உரசக் கூடாது. வலக்கையால் பிரேக் பிடிப்பவர் கேட்டை இடப்பக்கம் பார்க்க வைக்க வேண்டும்.

தடித்த உடம்புள்ள கராபினர்கள் அந்தப் பிளாஸ்டிக் துண்டுக்குள் நுழையாது. வாங்கும்போதே உங்கள் கராபினரைக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். பேரிக்காய் வடிவத்தில் அகலமானது வேண்டும், ஏனென்றால் சாதனமும் கயிற்று மடிப்பும் அதில் ஒன்றாக இருக்க வேண்டும். தானே பூட்டும் வகையில் மணல் புகுந்தால் பூட்டு பாதி மூடிய நிலையில் நின்றுவிடும். திருகுப் பூட்டில் மணல் புகுந்தால் கரகரவென்று சத்தம் கேட்கும், தெரிந்துவிடும். ஆரம்பக்காரருக்குத் திருகுப் பூட்டே மேல், ஒவ்வொரு முறையும் அழுத்திப் பார்க்கும் பழக்கமும் அதனால் வரும்.

தேய்மானத்தைப் பொறுத்தவரை, மணல் ஏறிய ஈரக் கயிறு அலுமினியத்தை அரம்போல் அராவும். மடிப்பு கராபினரிலேயே ஓடுவதால் டிசெண்டருக்கு முன் கராபினர்தான் தேயும். அதனால் அடிக்கடி போகிறவர்கள் எடை கூடினாலும் எஃகுக் கராபினரை மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பெரிய துளையின் உள்விளிம்பையும் கராபினரின் வளைவையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளத்தின் ஓரம் நகத்தில் தட்டுகிற அளவுக்குக் கூராகிவிட்டால் அந்த விளிம்பு அடுத்து அராவுவது கயிற்றின் உறையை. பிளாஸ்டிக் துண்டு விரிசல் விட்டாலோ தளர்ந்தாலோ சாதனம் தாங்கும், ஆனால் கயிறு மாட்டும்போது கழன்று விழும். அந்த நிலையில் அதைச் சாதாரண ஃபிகர் எய்ட்டாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.